கடன்பத்திரத்தில் எழுந்த மணிக்கூண்டுகள்

டெக்சஸ் மாநிலத்தில் 254 கவுண்டிகள் இருக்கின்றன. அமெரிக்காவின் வேறெந்த மாநிலத்திலும் இத்தனை கிடையாது. ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு தலைமையூர் உண்டு. அந்த ஊரில் நீதிமன்ற மாளிகை ஒன்று உண்டு. ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய மாளிகைகள் மட்டும் 240-க்கு மேல் நிற்கின்றன. அவற்றில் ஏறக்குறைய 80, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் கட்டப்பட்டவை. ஆயிரம் இரண்டாயிரம் பேர் வாழ்ந்த சிற்றூர்களில் அரண்மனை அளவுக்குக் கல் கட்டடங்கள் எழுந்த காலம் அது. நீதிக்காக மட்டும் அவை கட்டப்பட்டன என்று சொல்ல முடியாது. ஊர் நிலைக்குமா, கலையுமா என்ற கவலை இருந்த இடத்தில், நிலைக்கும் என்று கல்லில் எழுதிக் காட்டிய விளம்பரங்கள் அவை.

கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பிரிவு. நம் ஊர்த் தாலுகா அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம், முன்சீப் கோர்ட், கருவூலம் ஆகியவற்றை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து வைத்தால் எப்படியோ அப்படித்தான் கவுண்டி நீதிமன்ற மாளிகை. நிலப்பத்திரம், திருமணப் பதிவு, உயில், வரிக் கணக்கு, மாட்டு உடம்பில் போடும் சூட்டுக்குறியின் பதிவு வரை எல்லாம் அங்கேதான். கவுண்டியை ஆள்வது நான்கு கமிஷனர்களும் கவுண்டி ஜட்ஜும் சேர்ந்த ஐவர் குழு. அந்த ஜட்ஜ் வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஐவரும் வாக்காளர்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். மாளிகை கட்டலாமா, எந்தக் கட்டடக் கலைஞரை வைத்துக் கட்டலாம், எவ்வளவு கடன் வாங்கலாம் என்று தீர்மானித்தது இந்தக் குழுதான்.

மெக்சிகோவிலிருந்து பிரிந்து டெக்சஸ் தனிக் குடியரசான 1836-இல் 23 கவுண்டிகள் இருந்தன. தொடக்க ஆண்டுகளில் மரத்தடியிலும், கடை மாடியிலும், மரத்துண்டுகளை அடுக்கிய குடிசையிலும் நீதிமன்றம் கூடியது. அடுத்து வந்தவை மரப்பலகைக் கட்டடங்கள், பிறகு செங்கல் பெட்டிகள். இவற்றில் பெரும்பாலானவை தீக்கு இரையாயின. உள்நாட்டுப் போருக்கு முந்தைய தலைமுறையிலிருந்து இன்றும் நீதிமன்றமாகவே பயன்படுவது லிண்டன் ஊரில் 1861-இல் முடிந்த காஸ் கவுண்டி மாளிகை ஒன்றுதான்.

மாளிகை எங்கே நிற்க வேண்டும் என்பதில் 1876-ஆம் ஆண்டு மாநில அரசியலமைப்புக்குப் பெரிய பங்குண்டு. ஏற்கெனவே கவுண்டிகள் இல்லாத பகுதியில் புதிய கவுண்டி அமைத்தால் அதன் பரப்பு 900 சதுர மைலுக்குக் குறையக் கூடாது, வடிவம் சதுரமாக இருக்க வேண்டும் என்றது அது. அந்த ஆண்டே வடமேற்கின் புல்வெளியில் 54 கவுண்டிகள் காகிதத்தில் வரையப்பட்டன. பலவற்றில் அப்போது குடியேறியவர் எவரும் இல்லை. பக்கத்துக்கு 30 மைல் கொண்ட சதுரத்தின் நடுவில் தலைமையூர் இருந்தால் எல்லையிலிருந்து அதற்கு 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர். குதிரையில் வந்தவர் வேலையை முடித்துக்கொண்டு அன்றே திரும்பக்கூடிய தூரம். நடுவில் இருக்கும் தலைமையூரை வேறிடத்துக்கு மாற்ற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்றும் அதே அரசியலமைப்பு விதித்தது.

அப்படியும் மாற்றங்கள் நடந்தன. காரணம் ரயில். மேற்குப் பாலைநிலத்தில் 1883 வாக்கில் ரயில் எஞ்சினுக்குத் தண்ணீர் நிரப்பும் நிறுத்தமாகத் தோன்றிய மார்ஃபா, இரண்டே ஆண்டில் ஃபோர்ட் டேவிஸிடமிருந்து பிரெசிடியோ கவுண்டியின் தலைமையூர் பட்டத்தைப் பறித்துக்கொண்டது. கையோடு 1886-இல் 60,000 டாலர் செலவில் மூன்றடுக்கு மாளிகை ஒன்றையும் எழுப்பியது. பட்டம் இழந்த ஃபோர்ட் டேவிஸ் வாசிகள் சும்மா இருக்கவில்லை. 1887-இல் தங்களுக்கென ஜெஃப் டேவிஸ் கவுண்டியைப் பிரித்து வாங்கினார்கள். மார்ஃபா அவ்வளவு அவசரமாகக் கட்டியதன் பொருள் இதில் விளங்கும். பலகைக் கட்டடத்தில் இருக்கும் தலைமையூரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். கல் மாளிகையும் அதன்மேல் கடனும் இருந்தால் யாரும் எளிதில் அசைக்க முடியாது.

கடனுக்கு வழி திறந்தது 1881-இல் வந்த சட்டம். ஆஸ்டினில் 1888-இல் முடிந்த மாநிலச் சட்டமன்ற மாளிகைக்கு டெக்சஸ் அரசு கூலியாகக் கொடுத்தது 30 லட்சம் ஏக்கர் நிலம். கவுண்டிகளுக்கு அந்த வசதி இல்லை; அவற்றுக்குக் கிடைத்திருந்த நிலம் பள்ளிகளுக்கென ஒதுக்கப்பட்டது. ஆகவே நீதிமன்ற மாளிகை கட்டக் கடன்பத்திரம் வெளியிடலாம் என்று சட்டமன்றம் அனுமதித்ததும் கமிஷனர்கள் பாய்ந்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகள் டெக்சஸ் நீதிமன்ற மாளிகைகளின் பொற்காலம் எனப்படுகிறது. கடன் கட்டிய வரிதாரர்கள் அதை அப்படி அழைத்திருப்பார்களா என்பது வேறு. ஃபோர்ட் வொர்த் நகரில் டாரன்ட் கவுண்டி மாளிகைக்கு ஆன செலவு 408,840 டாலர். இளஞ்சிவப்பு கிரானைட்டில் ஆஸ்டின் சட்டமன்றத்தின் சாயலில் கட்டிய அந்த மாளிகை 1895-இல் முடிந்தது. ஆனால் அதைக் கட்டத் துணிந்த கமிஷனர்களை, ஊதாரிகள் என்று சொல்லி வாக்காளர்கள் 1894 தேர்தலிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கட்டடத்தைப் புரிந்துகொள்ள முதலில் அது நிற்கும் சதுக்கத்தைப் பார்க்க வேண்டும். டெக்சஸில் பரவலாகக் காணப்படுவது டென்னசி மாநிலத்தின் ஷெல்பிவில் ஊரிலிருந்து பெயர் பெற்ற அமைப்பு. கட்டம் போட்ட தெருக்களுக்கு இடையே ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு, அதன் நடுவில் மாளிகையை வைப்பார்கள். நான்கு பக்கமும் தெரு. தெருவுக்கு அப்பால் நான்கு பக்கமும் கடைகள், வங்கி, ஓட்டல். எல்லாக் கடைகளின் முகமும் மாளிகையைப் பார்த்திருக்கும். இதனால் மாளிகைக்குப் பின்புறம் என்று ஒன்று இல்லாமல் போனது. எந்தப் பக்கத்துக் கடைக்காரருக்கும் முதுகைக் காட்ட முடியாது. நான்கு முகமும் ஏறக்குறைய ஒரே அழகுடன் அமைய வேண்டும். டெக்சஸ் மாளிகைகள் பலவும் நாற்புறமும் ஒத்திசைந்து நிற்பதற்குக் கலைக் கோட்பாட்டைவிடக் கடைக்காரர்களே பெரிய காரணமாக இருக்க வேண்டும்.

நீதிமன்றம் கூடும் நாளில் கவுண்டி முழுவதும் ஊருக்கு வரும். வழக்கு உள்ளவர் வழக்குக்காக, இல்லாதவர் குதிரை மாற்றவும் வேடிக்கை பார்க்கவும். வான் சான்ட் கவுண்டியின் கான்டன் ஊரில் அப்படித் தொடங்கிய முதல் திங்கள் சந்தை நீதிமன்றச் சதுக்கத்தை விட்டு நகர்ந்து வளர்ந்து இன்றும் நடக்கிறது.

பொற்காலத்தின் முதல் பத்தாண்டில் கோலோச்சியது பாரிஸிலிருந்து வந்த இரண்டாம் பேரரசுப் பாணி. சரிவான மன்சார்டு கூரை, மூலைகளில் சிறு மாடங்கள், நடுவே உயர்ந்த மணிக்கூண்டு என்பவை அதன் அடையாளங்கள். கீழே உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல். மேலே கூண்டும் கூரையும் மரச்சட்டத்தின் மேல் தகடு வேய்ந்தவை. கல்லாகத் தெரியும்படி தகட்டை அச்சில் அழுத்தி வண்ணம் பூசுவார்கள். கனம் குறைவு, செலவும் குறைவு. தீப்பிடித்தால் மட்டும் தப்பாது. இந்தப் பாணியில் அதிகம் பேசப்படுபவர் வேக்கோ நகரில் அலுவலகம் வைத்திருந்த வெஸ்லி கிளார்க் டாட்சன். அலபாமாவில் 1829-இல் பிறந்தவர். உள்நாட்டுப் போரில் தென் மாநிலப் படையில் போரிட்டவர். லாம்பாஸஸ், வெதர்ஃபோர்டு, ஹில்ஸ்பரோ, கிரான்பரி ஆகிய ஊர்களில் அவர் கட்டிய மாளிகைகள் ஒரே குடும்பத்தின் முகச்சாயலுடன் நிற்கின்றன. லண்டனில் பிறந்து 1873-இல் சான் அன்டோனியோ வந்த ஆல்ஃபிரட் கைல்ஸ் தெற்கு, மேற்குக் கவுண்டிகளில் வேலை பிடித்தார். கிழக்கே சென்டர் ஊரில் அயர்லாந்துக்காரர் கிப்சன் 1885-இல் கட்டிய ஷெல்பி கவுண்டி மாளிகையோ எந்தக் குடும்பத்திலும் சேராது. செங்கல்லில் ஓர் அயர்லாந்துக் கோட்டை அது. நீதிபதியின் இருக்கைக்குப் பின்னால், அவர் தப்பிப் போக மறைவான ஒரு வழியும் உண்டு. தீர்ப்பு சொன்னவருக்கு அந்நாள் டெக்சஸில் அப்படியொரு வழி தேவைப்பட்டது என்பதே ஒரு செய்தி.

1890-களில் காற்று திசை மாறியது. பிட்ஸ்பர்க் நகரில் ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் வடிவமைத்து, அவர் இறந்து ஈராண்டு கழித்து 1888-இல் முடிந்த அலகெனி கவுண்டி நீதிமன்றம் நாடெங்கும் கட்டடக் கலைஞர்களை ஈர்த்தது. சொரசொரப்பாக விட்ட பெருங்கற்கள், அரைவட்ட வளைவுகள், குட்டைத் தூண்கள், சுவருக்குள் ஆழமாகப் பதிந்த சன்னல்கள் ஆகியவற்றால் ஆன ரோமனெஸ்க் பாணி அது. டெக்சஸில் அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டவர் ஜேம்ஸ் ரைலி கார்டன். வர்ஜீனியாவில் 1863-இல் பிறந்து சான் அன்டோனியோவில் வளர்ந்தவர். அவருடைய டெக்சஸ் மாளிகைகளில் பன்னிரண்டு இன்றும் நிற்கின்றன. 1902 வாக்கில் அவர் நியூயார்க் போய்விட்டார்; 1937-இல் காலமானார்.

கார்டனின் திறமையை வெளிச் சுவரின் அலங்காரத்தில் மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். வெக்கையை அவர் சமாளித்த விதம்தான் மற்ற பாதி. முந்தைய மாளிகைகளில் நான்கு பக்கமும் நடுவில் வாசல் வைத்து, குறுக்கும் நெடுக்குமாக நடை விட்டிருந்தார்கள். நல்ல இடமெல்லாம் நடைக்கே போனது. கார்டன் தரைத்திட்டத்தைக் கூட்டல் குறி வடிவில் போட்டு, கைகள் சேரும் உள்மூலைகள் நான்கிலும் வாசலையும் தாழ்வாரத்தையும் வைத்தார். சதுக்கத்தின் எந்த மூலையிலிருந்து நடந்து வந்தாலும் எதிரே ஒரு வாசல். நான்கு கைகளும் முழுமையாக அலுவலகங்களுக்கும் நீதிமன்றக் கூடத்துக்கும் கிடைத்தன. கையின் முனையில் இருக்கும் அறைக்கு மூன்று பக்கச் சன்னல். நடுவில் படிக்கட்டு, அதைச் சுற்றி மேலே கோபுரம் வரை திறந்த வெளி. வாசல்களின் நிழலில் குளிர்ந்த காற்று உள்ளே வர, சூடான காற்று படிக்கட்டு வெளியில் ஏறிக் கோபுரத்தின் திறப்புகள் வழியே வெளியேறும். மணிக்கூண்டு புகைபோக்கியின் வேலையையும் சேர்த்துச் செய்தது. மின்விசிறி ஊருக்கு வராத காலத்தில், நூறு பேர் நிரம்பிய கோடைக்கால நீதிமன்றத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு செய்திருக்க முடியாது.

இந்த அமைப்பின் உச்சம் வாக்ஸஹாச்சி ஊரில் 1897-இல் முடிந்த எல்லிஸ் கவுண்டி மாளிகை. இளஞ்சிவப்பு, சாம்பல் கிரானைட்டும் சிவப்பு மணற்கல்லும் மாறி மாறி வரும் சுவர். அடுக்கடுக்காக உள்வாங்கி மேலேறும் கோபுரம். தாழ்வாரத் தூண்களின் போதிகைகளில் மனித முகங்கள். சில முகம் சாந்தம், சில முகம் அருவருப்பு. சிற்பி உள்ளூர்ப் பெண் ஒருத்தியைக் காதலித்தார், அவள் மறுத்ததும் முகங்களை விகாரமாக்கினார் என்ற கதை ஊரில் நூறாண்டாக ஓடுகிறது. ரோமனெஸ்க் கட்டடங்களில் கோர முகங்கள் எங்கும் உண்டு என்பதால் கதையை நம்ப வேண்டியதில்லை. சுற்றுலாப் பயணிகள் நம்புகிறார்கள். கார்டன் இதே வரைபடத்தைச் சிறிது மாற்றி டிகேட்டர் ஊரில் வைஸ் கவுண்டிக்கும் கொடுத்தார். ஒரு கவுண்டி காசு கொடுத்த யோசனை அடுத்த கவுண்டிக்குப் போவதில் அந்நாளில் யாருக்கும் கூச்சமில்லை.

மாளிகையின் அறைகளில் மிகக் கவனமாகக் கட்டப்பட்டது நீதிமன்றக் கூடமல்ல, ஆவணக் காப்பறை. நிலத்தின் உரிமை முழுவதும் கவுண்டி கிளார்க்கின் பதிவேடுகளில் இருந்தது. ஏடு எரிந்தால் உரிமை எரியும். வேண்டாத வழக்கையோ போலிப் பட்டாவையோ மறைக்க நினைத்தவர்கள் தீ வைத்த சந்தேகங்கள் பல ஊர்களில் உண்டு. அதனால் தடித்த சுவர், வளைந்த கூரை, இரும்புக் கதவு கொண்ட காப்பறை எந்த மாளிகையிலும் கட்டாயம்.

அந்தக் காப்பறை எதைக் காத்தது, எதைக் காக்கவில்லை என்பதற்கு ஷெர்மன் ஊர் சாட்சி. 1930 மே 9 அன்று கிரேசன் கவுண்டி மாளிகையில் ஜார்ஜ் ஹியூஸ் என்ற கறுப்பினத் தொழிலாளிமீதான வழக்கு விசாரணைக்கு வந்தது. வெள்ளையர் கூட்டம் மாளிகையைச் சூழ்ந்தது. அவரைக் கூட்டத்திடமிருந்து காக்க மாடியிலிருந்த காப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்கள். கூட்டம் மாளிகைக்கே தீ வைத்தது. கட்டடம் எரிந்து விழுந்தது. காப்பறை மட்டும் நின்றது. இரவில் அதைப் பிளந்து திறந்தபோது ஹியூஸ் உயிருடன் இல்லை. உடலை இழுத்துச் சென்ற கூட்டம் கறுப்பினத்தவரின் கடைத்தெருவையும் கொளுத்தியது. ஊரில் ராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. கிரேசன் கவுண்டிக்குப் புதிய மாளிகை 1936-இல்தான் வந்தது.

வேக்கோவில் நடந்தது இன்னும் முந்தையது. கார்டன் 1902-இல் கட்டி முடித்த மெக்லென்னன் கவுண்டி மாளிகை, குவிமாடமும் நீதி தேவதையின் சிலையும் கொண்ட கம்பீரமான கட்டடம். 1916 மே 15 அன்று 17 வயது கறுப்பினச் சிறுவன் ஜெசி வாஷிங்டனுக்கு அங்கே ஒரு மணி நேரத்தில் விசாரணை முடிந்தது. ஜூரிக்கு நான்கு நிமிடம் போதுமானதாக இருந்தது. தீர்ப்பு வாசிக்கப்பட்ட உடனே கூட்டம் அவனை நீதிமன்றத்துக்குள்ளிருந்தே இழுத்துச் சென்று, நகர்மன்றத்தின் அருகே பல்லாயிரம் பேர் பார்க்க எரித்துக் கொன்றது. மாளிகைகளின் அழகைப் பேசும் படப் புத்தகங்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. பல மாளிகைகளில் நிறவாரியாகப் பிரித்த கழிப்பறையும் குடிநீர்க் குழாயும் இருந்தன. புல்வெளிகளில் தென் மாநிலப் படைவீரரின் சிலைகள் நின்றன. டென்டன் கவுண்டி சதுக்கத்தில் 1918-இல் வைத்த சிலை 2020-இல் அகற்றப்பட்டது. வேறு பல ஊர்களில் அவை அப்படியே இருக்கின்றன.

புதிய நூற்றாண்டில் ரோமனெஸ்க் பழசாகிவிட்டது. வரிசைத் தூண்களும் குவிமாடமும் கொண்ட செவ்வியல் பாணி வந்தது. ஹூஸ்டனில் 1910-இல் முடிந்த ஹாரிஸ் கவுண்டி மாளிகை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எண்ணெய்ப் பணம் பாய்ந்த இடங்களில் மாளிகை அடுக்குமாடியானது: பியூமான்டில் 1931-இல் எழுந்த ஜெஃபர்சன் கவுண்டி நீதிமன்றத்துக்குப் பதின்மூன்று தளம். 1930-களின் ஆர்ட் டெகோ மாளிகைகளில் வளைவு, மணிக்கூண்டு எல்லாம் மறைந்து நேர்க்கோடுகள் வந்தன. ஈஸ்ட்லண்டில் 1928-இல் பழைய மாளிகையை இடித்தபோது நடந்தது மட்டும் பாணிகளின் வரலாற்றில் அடங்காது. 1897-இல் மூலைக்கல்லுக்குள் வைத்து மூடிய கொம்புப் பல்லி ஒன்று 31 ஆண்டுக்குப் பின் உயிரோடு வெளிவந்தது என்று ஊரார் சாதித்தார்கள். அதிபர் கூலிட்ஜிடம் வரை அதைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். பல்லி அடுத்த ஆண்டு செத்தது. பாடம் செய்த உடல் புதிய மாளிகையில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐம்பது ஆண்டுகள் மாளிகைகளுக்குக் கெட்ட காலம். சில இடிக்கப்பட்டன. இடிபடாதவற்றில் நடந்தது வேறு வகைச் சேதம். குளிர்சாதனம் வந்ததும் உயர்ந்த கூடங்களில் தாழ்வாகப் பொய்க்கூரை மாட்டினார்கள், மாடத்தை அடைத்தார்கள், ஓங்கிய சன்னல்களைப் பாதியில் மூடி ஏசி பெட்டி பொருத்தினார்கள். கார்டன் காற்றுக்காக விட்ட நடுவெளியில் லிஃப்டும் கழிப்பறையும் புகுந்தன. லா கிரேஞ்ச் ஊரில் அவர் 1891-இல் கட்டிய ஃபயெட் கவுண்டி மாளிகையின் திறந்த முற்றமே மூடப்பட்டு அறைகளாயிற்று. டல்லஸின் செந்நிற மாளிகையிலிருந்து மணிக்கூண்டு, கட்டடம் தாங்காது என்று 1919-இலேயே இறக்கப்பட்டிருந்தது. பழைய மின்கம்பிகள்மேல் புதிய சுமை ஏறிக்கொண்டே போனது.

1993-இன் முதல் நாளில் ஹில்ஸ்பரோவில் டாட்சனின் ஹில் கவுண்டி மாளிகை எரிந்தது. தகடு வேய்ந்த கூரையும் மணிக்கூண்டும் உள்ளே சரிந்தன. சுண்ணாம்புக்கல் சுவர் நின்றது. அந்தக் கவுண்டியின் ஆபட் கிராமத்தில் வளர்ந்த பாடகர் வில்லி நெல்சன் கச்சேரி நடத்தி நிதி திரட்டினார். அப்போது மாநிலத் துணை ஆளுநராக இருந்த பாப் புல்லக் அதே ஹில்ஸ்பரோவில் பிறந்தவர். மாளிகை மீண்டும் எழுந்து 1999-இல் திறக்கப்பட்டது. செல்வாக்குள்ள இருவர் ஒரே கவுண்டியில் பிறந்தது ஹில் கவுண்டியின் அதிர்ஷ்டம். மற்றவற்றுக்கு அது வாய்க்கவில்லை. தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை 1998-இல், நாட்டில் அழியும் நிலையிலுள்ள பதினொரு வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் டெக்சஸ் நீதிமன்ற மாளிகைகளை ஒட்டுமொத்தமாகச் சேர்த்தது.

மறு ஆண்டு, ஆளுநர் ஜார்ஜ் புஷ் காலத்தில், சட்டமன்றம் 5 கோடி டாலர் ஒதுக்கி மீட்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. செலவில் 85 சதவீதம் வரை மாநிலம் தரும், மீதியைக் கவுண்டி போட வேண்டும். அதற்கு முன் கட்டடத்தின் பழைய நிலை, பழுது, சீரமைக்கும் முறை எல்லாவற்றையும் விளக்கும் முழுத் திட்ட அறிக்கை வேண்டும். வரலாற்றுச் சின்னமான மாளிகையில் கை வைக்கும் முன் மாநில வரலாற்று ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருந்தது. இப்போது விதியோடு பணமும் சேர்ந்தது. ஆல்பனி ஊரில் கட்டடக் கலைஞர் ஃபிளாண்டர்ஸ் 1883-இல் கட்டிய ஷாக்கெல்ஃபோர்டு கவுண்டி மாளிகை முதலில் மீண்டு 2001-இல் திறக்கப்பட்டது. அதன்பின் 70-க்கும் மேற்பட்டவை முழுமையாகச் சீரமைக்கப்பட்டுள்ளன. பொய்க்கூரைகள் இறங்கின, மாடங்கள் திறந்தன, லா கிரேஞ்சின் முற்றத்துக்கு வெளிச்சம் திரும்பியது. டல்லஸ் மணிக்கூண்டும் 2007-இல் மறுபடி ஏறியது. சீரமைப்பு என்பதில் ஒரு தேர்வும் அடங்கியிருக்கிறது. 1890-இன் வண்ணத்தைச் சுரண்டி எடுத்துக் கண்டுபிடித்த அதே அக்கறையை, நிறப் பிரிவினையின் தடயங்கள்மேல் எல்லாக் கவுண்டிகளும் காட்டவில்லை.

வேலை மட்டும் மெல்ல வெளியேறிக்கொண்டிருக்கிறது. கைதிகளை அழைத்து வரும் பாதுகாப்பு, வாகன நிறுத்தம், கணினி அறைகள் ஆகியவற்றுக்கு 1890-களின் தரைத்திட்டத்தில் இடமில்லை. வளரும் கவுண்டிகள் குற்றவியல் நீதிமன்றங்களைச் சிறைக்கு அருகே புறவழிச்சாலையில் கட்டும் புதிய வளாகங்களுக்கு மாற்றுகின்றன. பழைய மாளிகையில் கவுண்டி ஜட்ஜும் கமிஷனர்கள் கூட்டமும் சில அலுவலகங்களும் தங்குகின்றன. ஆள் குறைந்த மேற்குக் கவுண்டிகளில் அந்தப் பிரச்சினையே இல்லை. 2020 கணக்கெடுப்பில் 64 பேர் வாழ்ந்த லவிங் கவுண்டிக்கு, மென்டோன் ஊரில் 1935-இல் கட்டிய சிறிய செங்கல் கட்டடம் போதும்.

(தொடரும்)